வெள்ளிப் பசை காய்ந்தால் போதாது, வேக வேண்டும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கடைக்கு இரண்டு பக்கமும் கொலுசுப் பட்டறைகள். நடுவில் நான் எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ் செய்கிறேன். அப்பா காலத்தில் இது முள்தராசுக் கடை. படிக்கல் தேய்ந்து எடை குறைந்தால் அடியில் ஈயம் வைத்துச் சரிபண்ணித் தருவார். நான் பாலிடெக்னிக் முடித்து, ஓசூரில் ஒரு போர்டு அசெம்பிளி லைனில் நான்கு வருடம் நின்று, அலுத்துப்போய்த் திரும்பி வந்து இதில் உட்கார்ந்தேன்.

கடைக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. "பாப்பா, டேர் பட்டன் அமுக்கினா கேக்கவே மாட்டேங்குது." பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கும் பட்டன் அது. பிரித்துப் பார்த்தால் போர்டு நன்றாக இருக்கும். கோளாறு கீபேடில். அது ஒரு பிளாஸ்டிக் தாள். அதன்மேல் வெள்ளி மையில் கோடுகள் அச்சடித்திருப்பார்கள். தாளின் வால் பகுதி மடங்கிப் போய் போர்டில் உள்ள கனெக்டரில் செருகியிருக்கும். அந்த மடிப்பில்தான் கோடு விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல், லென்ஸ் வைத்தால் மயிரிழை போலத் தெரியும்.

இங்கே சால்டரிங் அயர்னை எடுத்தால் முடிந்தது கதை. அயர்ன் நுனி 350 டிகிரியில் இருக்கும். தாள் எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி சுருண்டுவிடும், மையும் பிய்ந்து வந்துவிடும். இந்த மாதிரி இடத்துக்குத்தான் வெள்ளிப் பசை. கலந்தால் இறுகும் எபாக்சிப் பிசினில் வெள்ளித் துணுக்கு சேர்த்தது, மின்சாரம் கடத்தும் எபாக்சி என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். சால்டருக்குப் பதில் எல்லா இடத்திலும் இதைப் போட்டுவிடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டறை அண்ணன் செய்த சோதனை

பசை முதன்முதலில் வந்தபோது பக்கத்துப் பட்டறை அண்ணன் சிரிஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதுல டச் எவ்வளவு?" டச் என்றால் வெள்ளியின் சுத்தம். வெள்ளி வியாபாரத்தில் இருப்பவருக்கு வேறு என்ன தோன்றும். எடைக்கு எடை முக்கால் பங்கும் அதற்கு மேலும் வெள்ளிதான், மீதி எபாக்சி என்றேன். விலையைக் கேட்டதும் சிரித்தார். "அட, நம்மகிட்ட ராவின தூளே கிலோக்கணக்குல கெடக்குது. சாதாப் பசையில கலந்தா போச்சு."

போகவில்லை. கலந்தோம், கண்ணாடித் துண்டில் கோடு இழுத்தோம், காயவைத்தோம், மின்சாரம் போகிறதா என்று மீட்டர் வைத்தோம். ஒன்றும் காட்டவில்லை. தூளை இன்னும் கொட்டினோம். பசை புட்டு மாவு மாதிரி உதிர ஆரம்பித்ததே தவிர மீட்டர் அசையவில்லை.

ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் பசை வேலையில் பாதி புரிந்த மாதிரி. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கைமாற்றிக் கைமாற்றி அந்தக் கோடிக்கு அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். ஆட்கள் தூரம் தூரமாக நின்றால் சொம்பு நகராது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினாலும் நகராது. ஒரு கட்டத்தில், இன்னும் சிலர் உள்ளே வந்ததும், திடீரென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கைகள் எட்டிவிடும். பசைக்குள் வெள்ளித் துணுக்குகளும் அப்படித்தான். அந்தக் கட்டத்துக்குக் கீழே பசை வெறும் பிளாஸ்டிக், தாண்டினால் கம்பி. அதைச் சீக்கிரம் தாண்ட வேண்டும் என்றால் துணுக்கு தட்டையாக இருக்க வேண்டும். பசைக்காரர்கள் போடுவது சில மைக்ரான் அகலமுள்ள செதில்கள். ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படியும். அரத்தில் ராவின தூள் கடுகு மாதிரி. ஒன்றை ஒன்று ஒரு புள்ளியில்தான் தொடும், அந்தப் புள்ளியிலும் எபாக்சி புகுந்துகொள்ளும். போதாததற்கு கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும், அது கறுத்துப்போகும். வெள்ளியும் ஆக்சைடு ஆகத்தான் செய்யும், ஆனால் அந்த ஆக்சைடு செம்பு ஆக்சைடு மாதிரி வழியை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அதனால்தான் விலை அதிகமானாலும் வெள்ளியையே போடுகிறார்கள்.

தூள் திரும்ப உருக்க முடியாமல் எபாக்சியோடு போனதற்கு அண்ணன் இன்னும் என்னைத்தான் சொல்வார்.

எதை வாங்குவது

கடையில் கறுப்பாக, மலிவாக ஒரு பசை கிடைக்கும், அது கார்பன். ரிமோட் ரப்பர் பட்டனுக்கு அடியில் தேய்ந்த கறுப்பைத் திரும்பப் பூச நல்லது. ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, அதிகம் என்பதால் கோடு ஒட்ட அது வேண்டாம். நிக்கல் கலந்தது மின் இரைச்சலைத் தடுக்கப் பெட்டிக்குள் ஷீல்டிங் பூசுவதற்கு. நமக்கு வேண்டியது இரண்டு சிரிஞ்சாக வரும் வெள்ளி எபாக்சி. ஒரே சிரிஞ்சில் ஏற்கெனவே கலந்து வரும் வகையும் உண்டு, ஓசூரில் அதைத்தான் பயன்படுத்தினோம். அதில் சில வகைகள் மைனஸ் 40 டிகிரி ஃப்ரீசரில் இருக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜை நம்பி அதை வாங்காதீர்கள்.

இன்னொரு வகையைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. தராசு டிஸ்ப்ளேயின் கண்ணாடியையும் போர்டையும் சேர்க்கும் மெல்லிய ரிப்பனைப் பார்த்திருப்பீர்கள். சில டிஸ்ப்ளேக்களில் அதை ஒட்டியிருக்கும் பசை மேலிருந்து கீழே மட்டும் கடத்தும், பக்கவாட்டில் கடத்தாது. அதில் மின்சாரம் கடத்தும் சின்ன உருண்டைகள் இருக்கும், ஆனால் குறைவு, ஒன்றை ஒன்று தொடாது. சூட்டோடு அமுக்கும்போது மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் நசுங்குகிறவை மட்டும் கடத்தும். டிஸ்ப்ளேயில் ஒரு வரி காணவில்லை என்று அங்கே வெள்ளிப் பசையை வைத்தால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் எல்லாம் ஒன்றாகி மொத்த டிஸ்ப்ளேயும் போய்விடும். வெள்ளிப் பசை எல்லாப் பக்கமும் கடத்தும். கையால் பூசுவதாக இருந்தால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கும் இடத்தில்தான் நான் கை வைப்பேன்.

கீபேட் வால் ஒட்டுவது

முதலில் ஒரு விஷயம். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசின் முத்திரையை உடைத்துத் திறக்க லைசென்ஸ் வேண்டும். வேலை முடிந்ததும் சட்டமுறை எடையளவு ஆய்வாளரிடம் கொண்டுபோய் மறுமுத்திரை வாங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர்கள் இந்த முறையை ரிமோட், மிக்ஸி பேனல், பொம்மை, கார் பின்கண்ணாடியில் பனி போக்கும் கோடு என்று வேறு எதிலும் பழகலாம். முறை ஒன்றுதான்.

விரிசல் எங்கே என்று பாருங்கள். மீட்டரை பட்டன் பக்கமும் வால் நுனியிலும் வைத்து ஒவ்வொரு கோடாகப் போங்கள். கூர்மையான ப்ரோபை மையின்மேல் அழுத்தினால் அதுவே புது ஓட்டை போடும். நான் ப்ரோப் நுனியில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் பக்கவாட்டில் தொடுவேன். வாலின் நுனியில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், வெள்ளியின் மேல் கார்பன் பூசியிருக்கிறார்கள். அதைச் சுரண்டாதீர்கள்.

சுத்தம் செய்வது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில். பஞ்சு நனையும் அளவுக்கு, ஒரே திசையில் இரண்டு துடைப்பு. நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடாதீர்கள், மை கரைந்து வந்துவிடும். துடைத்த இடத்தில் விரல் படக்கூடாது. சேலத்து வெயிலில் கை வியர்க்காமல் இருக்காது, அதனால் நைட்ரைல் கையுறை. கையுறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. எபாக்சியை இறுகவைக்க ஒரு சிரிஞ்சில் வரும் ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க எபாக்சி பக்கம் போக முடியாது. ஓசூர் லைனில் என்னோடு இருந்த ஒரு அக்காவுக்கு மணிக்கட்டெல்லாம் தடித்து வேறு பிரிவுக்கு மாற வேண்டி வந்தது.

அப்புறம் காப்டான் டேப். பழுப்பாக, மெல்லியதாக, சூடு தாங்கும். விரிசல் விட்ட கோட்டின் இரண்டு ஓரமும் ஒட்டி, கோட்டின் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் விடுங்கள். விரிசலுக்கு இந்தப் பக்கம் 5 மில்லிமீட்டர், அந்தப் பக்கம் 5 மில்லிமீட்டர் நீளம் போதும்.

கலப்பது. என் பசை எடைக்கு எடை ஒன்றுக்கு ஒன்று. சிலது கொள்ளளவுக்குக் கொள்ளளவு என்று இருக்கும், பாக்கெட்டைப் படியுங்கள். இதைக் கண்ணளவில் செய்கிறவர்கள் ஆயிரம் பேர், வேலை கெடுகிறவர்களும் அதே ஆயிரம் பேர். ஒரு கீபேடுக்கு மொத்தமே அரை கிராம்கூட வேண்டாம். ஒரு பக்கம் 0.200 கிராம் எடுத்தால் 10 மில்லிகிராம் கூடினாலே 5 சதவீதம் பிசகு. சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. சேலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, எந்தச் சந்துக்குள் போனாலும் மில்லிகிராம் காட்டும் தராசு ஒரு பட்டறையில் இருக்கும். கண்ணாடித் துண்டை வைத்து பூஜ்யமாக்கி, ஒரு சொட்டு, எடை பார்த்து, பக்கத்தில் அடுத்த சொட்டு. பல்குச்சியால் இரண்டு நிமிடம் அடித் தட்டிலிருந்து வழித்து வழித்துக் கலக்குங்கள். வெள்ளி கனம், அடியில் தங்கும். பசை கெட்டியாக இருக்கிறது என்று தின்னர் ஊற்றாதீர்கள். அது ஆவியாகிப் போகும்போது உள்ளே பொத்தல் பொத்தலாக விட்டுவிட்டுப் போகும்.

பூசுவது நொடி வேலை. பழைய பிளேடின் ஓரத்தில் எடுத்து வாய்க்காலில் ஒரே இழுப்பு. டேப்பின் தடிமன்தான் பசையின் தடிமன். பசை ஈரமாக இருக்கும்போதே டேப்பை மெதுவாகப் படுக்கைவாட்டில் உரியுங்கள். வெந்த பிறகு உரித்தால் கோடும் சேர்ந்து வரும்.

சால்டருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். உருகிய சால்டர் தானே ஓடி பேடில், அதாவது போர்டில் கம்பி ஒட்டும் செம்புத் திட்டில், பரவும், கொஞ்சம் கோணலாக வைத்த சின்ன ரெசிஸ்டரைக்கூட இழுத்து நேராக்கிவிடும். பசைக்கு அந்தப் புத்தி கிடையாது. வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும், அதிகமானால் பிதுங்கி அடுத்த கோட்டைத் தொடும். கை நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேகவைப்பது

தலைப்பில் சொன்னது இதைத்தான். தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று எடுத்து மாட்டுகிறார்கள். பெயின்ட் காய்வது வேறு, எபாக்சி வேகுவது வேறு. அரிசி ஊறினாலும் மெத்தென்று ஆகும், அதைச் சோறு என்று சொல்ல முடியுமா?

ஒரு சோதனை செய்து பாருங்கள். கலந்த பசையில் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்து உடனே மீட்டர் வையுங்கள். அத்தனை வெள்ளி இருந்தும் ரெசிஸ்டன்ஸ் ஏகத்துக்கு இருக்கும், சில நேரம் ஒன்றுமே காட்டாது. செதில்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தயாரிக்கும்போதே மெல்லிய கொழுப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள், செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில் எபாக்சியும் நிற்கும். சூட்டில் எபாக்சி இறுகும்போது கொஞ்சம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம்தான் செதில்களை ஒன்றோடொன்று நெருக்கி அமுக்குகிறது. கொழுப்பும் விலகுகிறது. அப்போதுதான் வழி திறக்கும். அதே கோட்டை வெந்த பிறகு அளந்தால் ஒரு ஓமுக்குக் கீழே வந்துவிடும். ஓரத்தில் இழுக்கும் இந்த மாதிரிக் கோட்டை நான் ஒவ்வொரு கலவைக்கும் இழுப்பேன். கீபேடைத் தோண்டாமல் கலவை சரியா என்று அது சொல்லிவிடும்.

பாக்கெட்டில் நேர அட்டவணை இருக்கும். அறை வெப்பத்தில் ஒரு நாள், 100 டிகிரிக்கு மேல் என்றால் சில நிமிடங்கள் என்கிற மாதிரி. சூடு ஏற ஏறக் கடத்தலும் நன்றாக வரும், ஆனால் கீபேட் தாள் எவ்வளவு தாங்கும் என்பதும் இருக்கிறது. நான் 70 டிகிரியில் மூன்று மணி நேரம் வைக்கிறேன். அதற்கு என் அடுப்பு ஒரு பழைய முறுக்கு டின். உள்ளே ஒரு 60 வாட் குண்டு பல்பு, நாமக்கல் பக்கம் கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுவார்களே, அந்த மாதிரி. மூடியை நகர்த்தி நகர்த்திச் சூட்டைச் சரிபண்ணுவேன். மல்டிமீட்டரோடு வரும் வெப்பம் அளக்கும் கம்பியைக் கீபேட் பக்கத்திலேயே ஒட்டிவைத்தால் உண்மையான கணக்கு தெரியும். பேக்கரி அவன் வாங்கினேன் ஒரு தடவை. குமிழில் 80 என்று வைத்தால் 65-க்கும் 110-க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடியது. அம்மா அதில் இப்போது கேக் செய்கிறார், கேக்குக்கு அது போதும். முறுக்கு டினைப் பற்றவைத்துவிட்டு வெளியே போகாதீர்கள், பல்புதானே என்று நினைக்க வேண்டாம்.

அளப்பது

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன், 10 மில்லிமீட்டர் நீளம். நல்ல பசையின் ரெசிஸ்டிவிட்டி, அதாவது அந்தப் பொருளுக்கே உரிய மின்தடை, 0.0005 ஓம் சென்டிமீட்டர் என்று வைத்தால் ரெசிஸ்டன்ஸ் அரை ஓம் வரும். அதே அளவுக் கோடு ஈயச் சால்டராக இருந்தால் 0.015 ஓம். முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். கீபேடுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதன் அச்சுக் கோடே பத்து, இருபது ஓம் இருக்கும், பட்டன் அமுங்கியதா இல்லையா என்றுதான் போர்டு பார்க்கிறது.

அரை ஓமை சாதா மீட்டரில் நேராக அளக்க முடியாது, ப்ரோப் கம்பிகளே 0.2, 0.3 ஓம் சாப்பிட்டுவிடும். பவர் சப்ளையில் கரண்ட்டை 100 மில்லியாம்பில் நிறுத்திக் கோட்டின் இரண்டு கோடியிலும் கொடுங்கள். வேறு இரண்டு ப்ரோபை உள்பக்கமாகத் தொட்டு மில்லிவோல்ட் பாருங்கள். 50 மில்லிவோல்ட் என்றால் அரை ஓம். அவ்வளவு சுலபம்.

ஏற்காட்டில் நான் கெடுத்த தராசு

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடை போடும் பிளாட்பார்ம் தராசு. நான் தனியாகத் தொழில் ஆரம்பித்த புதிது. மழைக்கால மாலை, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால் லோட்செல் (தட்டுக்கு அடியில் எடையை உணரும் பாகம்) கம்பி போர்டைத் தொடும் இடத்தில் பேட் பெயர்ந்து கிடக்கிறது. கரண்ட் இல்லை, எப்போது வரும் என்று தெரியாது. கேஸில் எரியும் அயர்ன் அப்போது என்னிடம் கிடையாது. பையில் வெள்ளிப் பசை இருந்தது. பேட் மீதி, கம்பி இரண்டுமே ஈயம் பூசினது. கலந்தேன், வைத்தேன், மறுநாள் காலை வரை விட்டேன். எடை சரியாகக் காட்டியது. அடுத்த வாரம் வந்து சால்டர் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அடுத்த வாரம் போகவில்லை. எழுதவே கூசுகிறது, மறந்துபோனேன்.

பழம் பறிக்கும் காலம் பாதி போன பிறகு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடமிருந்து போன். போனால் ஷெட்டில் வயதான அம்மா ஒருவர் சாக்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏங்கண்ணு, அதே சாக்குதான், வாய் வரைக்கும் அதே மாதிரிதான் அமுக்கிக் கட்டுறேன். போன வருசம் முப்பது காட்டுச்சு. இப்ப முப்பதே வரமாட்டேங்குது." எல்லோரும் பழம் ஈரம் குறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். 20 கிலோ படிக்கல்லை வைத்தேன். 19.61.

பூஜ்யம் சரியாகவே காட்டியது. அதுதான் இதில் விஷமம். தராசு காலியாக இருக்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது. லோட்செல்லுக்குள் இருக்கும் பிரிட்ஜ் சுற்று 350 ஓம். அதற்கு வோல்டேஜ் கொண்டுபோகும் கம்பியில் என் பசை. அளந்தேன், 7 ஓம். வோல்டேஜில் ஒரு பங்கைப் பசையே தின்றுவிட, லோட்செல்லுக்குப் போய்ச் சேர்வது 350-ஐ 357-ஆல் வகுத்த பங்கு, 0.98. ஒவ்வொரு கிலோவிலும் 20 கிராம் போயிருக்கிறது. 30 கிலோ சாக்கு 29.41. பறிப்பவர்களுக்குக் கூலி கிலோவுக்கு. எந்தத் தேதியிலிருந்து குறைய ஆரம்பித்தது, எவ்வளவு குறைந்தது என்று ரைட்டர் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் ரெசிஸ்டன்ஸுக்கு யார் தேதி சொல்ல முடியும்? மொத்தப் பருவத்துக்கும் 2 சதவீதம் சேர்த்துப் போடுங்கள், என் சர்வீஸ் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். செய்தார்கள்.

தப்பு ஒன்றல்ல, மூன்று. முதல் தப்பு இடம். அங்கே பசைக்கு வேலையே இல்லை. புதிதாக நன்றாக வெந்த பசைகூட அந்தக் கம்பியில் அரை ஓம் சேர்த்தால் 30 கிலோவில் 40 கிராமுக்கு மேல் அடிக்கும். சிக்னல் திரும்பி வரும் இரண்டு கம்பியில் இவ்வளவு பாதிப்பு வராது, ஆனால் அதற்காக அங்கே வைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, வேகவில்லை. பாக்கெட்டில் 25 டிகிரியில் ஒரு நாள் என்றிருந்தது. மழை நாளில் ஏற்காட்டு ராத்திரி 25 டிகிரியா? தொட்டால் கல் மாதிரிதான் இருந்தது.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது, எந்த உலோகத்தின் மேல் வைக்கிறோம் என்பது. ஈயம் பூசினது என்று நாம் சொல்லும் சால்டரில் வெள்ளீயமும் இருக்கும். வெள்ளியும் வெள்ளீயமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். அதில் வெள்ளி தப்பித்துக்கொள்ளும், வெள்ளீயம் அரிக்கும். அரிப்பு பசைக்கும் பேடுக்கும் நடுவில் கடத்தாத ஒரு படலமாக உட்காரும். இந்தப் பசைகளை லேபில் சோதிப்பதே இப்படித்தான். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் 500 மணி நேரம் வைத்து, தொடும் இடத்தின் ரெசிஸ்டன்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். தங்கம், வெள்ளி பூசின பேடில் தாங்குகிற பசை, ஈயம் பூசின பேடில் தோற்றுப்போகும். பசை வைத்தே ஆக வேண்டும், பேடில் சால்டர் இருக்கிறது என்றால் உறிஞ்சும் பின்னலால் முடிந்தவரை எடுங்கள். கண்ணாடியிழைப் பேனாவால் செம்பு பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். ஆல்கஹாலில் துடைத்து அந்த அரை மணிக்குள் பசை வைத்து, வெந்ததும் மேலே மூடிவிடுங்கள். செம்பு பரவாயில்லை ரகம்தான், தங்கத்துக்கு ஈடு கிடையாது.

மூடுவது, கழற்றுவது, மிச்சம்

மூடுவதற்கு இன்னொரு காரணம் வெள்ளியே. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு, ஒன்றில் பிளஸ், ஒன்றில் மைனஸ், நடுவில் ஈரம். பிளஸ் பக்கத்து வெள்ளி கரைந்து நகர்ந்து, மைனஸ் பக்கத்திலிருந்து பாசி மாதிரி கிளை விட்டு வளரும். எட்டித் தொட்டுவிட்டால் ஷார்ட். ஏற்காட்டுப் பனிக்கும், ஆசிட் புகை சுற்றும் பட்டறைக்கும் போகிற தராசில் நான் இதை விட்டுவிடுவதே இல்லை. மேலே சாதாரண எபாக்சியோ சிலிகானோ மெல்லியதாகப் பூசுவேன். சிலிகானில் காடி மாதிரி புளித்த வாசம் வந்தால் வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். வாசம் இல்லாத, எலக்ட்ரானிக்ஸுக்கு என்று விற்கும் ரகம் கேளுங்கள்.

மூடுவது பலத்துக்கும் உதவும். வெள்ளி நிறைந்த பசையில் ஒட்டுவதற்கு எபாக்சி கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது, இழுத்தால் பெயரும், மடித்தால் உடையும். பழைய மடிப்பிலேயே திரும்ப மடிக்காதீர்கள். வாலைக் கொஞ்சம் வளைவாக விட்டு, பசை வைத்த இடம் சமதளத்தில் நிற்கும்படி டேப் போட்டு நிறுத்துங்கள்.

சார்ஜர், பேட்டரி முனை, ட்ரான்ஸ்ஃபார்மர், கரண்ட் கம்பி இதற்கெல்லாம் பசை கிடையாது. பசை வைத்த இடத்தில் பின்னால் அயர்ன் வைத்துச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. எபாக்சி கருகும், சால்டர் ஒட்டாது. கழற்ற வேண்டுமானால் ஹாட் ஏரில் நன்றாகச் சூடுகாட்டி இளக்கி, மரக்குச்சியால் சுரண்டி, செம்பு தெரியும் வரை சுத்தம் செய்த பிறகுதான் சால்டர். போர்டு தாங்கும் இடத்தில் மட்டும், கீபேட் தாளில் அல்ல.

சிரிஞ்சுகளை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்பது பாக்கெட்டில் இருக்கும். என்னுடையதை வைக்கலாம். ஆனால் எடுத்தவுடன் மூடியைத் திறக்கக்கூடாது. குளிர்ந்த சொம்பில் வியர்ப்பது போலப் பசையிலும் ஈரம் படும். அறைச் சூட்டுக்கு வரும் வரை ஒரு மணி நேரம் விடுங்கள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து அம்மா போட்ட சத்தத்துக்குப் பிறகு கடையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கினேன். சாப்பாட்டோடு வைக்காதீர்கள், சத்தம் போட ஆள் இல்லாவிட்டாலும்.

பல்குச்சி, கண்ணாடித் துண்டு, மாதிரிக் கோடு எல்லாம் ஒரு டப்பாவில் சேரும். மாதிரிக் கோட்டில் தேதியும் யாருடைய தராசு என்பதும் எழுதிவைப்பேன். ஆறு மாதம் கழித்துப் புகார் வந்தால் அதை எடுத்து அளந்து பார்க்கலாம். பல்குச்சிகளை மட்டும் பட்டறை அண்ணன் அவ்வப்போது வந்து எண்ணிப் பார்க்கிறார். இரண்டு கிலோ சேர்ந்ததும் சொல்லச் சொல்லியிருக்கிறார்.